வெளியூர் மேளம் முடிச்சு ஊர் திரும்புறவங்களுக்கு: நாயனம், தவில், கொடை, காகிதம் (நெல்லை வட்டாரம்)

#1 சிந்துபூந்துறையான்

நாயனமும் தவிலுமா பத்துப் பதினஞ்சு வருஷம் கேரளா, சென்னை, கொழும்புன்னு சுத்திட்டு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கம் திரும்புற செட்டுக்காரங்க இந்தக் களத்துல வேற வேற இழையில ஒரே நாலு கேள்வியத்தான் கேக்குதாங்க. எந்த மாசம் வந்தா வேலை கிடைக்கும்? அங்க வாசிச்ச வாத்தியம் இங்க எப்படி நிக்கும்? கச்சேரி செட்டைக் கொடைக்கு (ஊர்ச் சாமிக்கு எடுக்கிற கோவில் விழா) ஏத்தபடி எப்படி மாத்தணும்? அட்டை, சான்றிதழ் எல்லாம் எங்க போய் வாங்கணும்?

எல்லாத்தையும் ஒரே இடத்துல சேத்து வைப்போம்னு இதைத் திறக்கேன். சொந்தக் கதை வேண்டாம், அதுக்குத் தனி இழை ஓடிக்கிட்டு இருக்கு. இங்க செய்முறை மட்டும்.

#2 தலைக்கட்டு

முதல் கேள்விக்கு ஒரே பதில்தான்: தை பிறந்ததும் ஊர்ல இருக்கணும்.

பெரும்பாலானவங்க பங்குனி உத்திரத்துக்கு வந்து இறங்குதாங்க. சாஸ்தா கோவில் கூட்டத்தைப் பாத்ததும் வேலை கொட்டிக் கிடக்குன்னு தோணும். ஆனா அன்னைக்கு வாசிக்கிற செட்டு எல்லாம் முன்னாலயே பேசி முடிச்ச செட்டு. சித்திரை, வைகாசிக் கொடைக்கு ஊர்க்கூட்டம் மாசியிலயே கூடிரும். தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவுன்னு போடுறது) எவ்வளவுன்னு முடிவாகுற அதே ராத்திரியில மேளம் யாரு, வில்லுப்பாட்டு யாரு, பந்தல் யாருன்னும் பேசிருவாங்க. வெத்தலை பாக்கு மேல அச்சாரம் வச்சாச்சுன்னா அந்த வருஷத்துக்கு அந்த ஊர்க் கதவு சாத்தியாச்சு.

தைக்கு வந்தா இன்னொரு லாபமும் உண்டு. மார்கழி முழுக்க முகூர்த்தம் கிடையாது, தையில கல்யாணம் நெருங்கி வரும். இங்க இருக்குற செட்டுல பாதி கேரள உற்சவத்துக்குப் போயிருக்கும். அந்தப் பள்ளத்துல ரெண்டாம் நாயனம், ரெண்டாம் தவில்னு கூப்பிடுவாங்க. முதல் வருஷம் அப்படித் துணையாப் போறதுதான் நல்லது. ஊர் முகம் பழகணும்லா.

ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. அச்சாரத்தைத் தொடுறதுக்கு முன்னால அந்தக் கோவில்ல இதுவரைக்கும் யாரு வாசிச்சாங்கன்னு கேளுங்க. தலைமுறையா ஒரே குடும்பம் வாசிக்கிற கோவில் நிறைய. அவங்களுக்குத் தெரியாம கைய நீட்டினா, வேலை அந்த வருஷத்தோட முடிஞ்சிரும், பகை முடியாது. அவங்க வீட்டுக்கே போய், "கூப்பிடுதாங்க, நீங்க என்ன சொல்லுதீங்க"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

#3 சாரல்காத்து

தலைக்கட்டு அண்ணாச்சி சொல்றது திருநெல்வேலிக்குக் கிழக்க சரி. தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் ஆடியில வந்தாலும் பட்டினி கிடையாது. ஆடித்தபசு, ஆடிச் செவ்வாய், ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து ஐயனார்னு மாசம் பூரா வேலை. சென்னையில கல்யாண மேளத்தை நம்பின செட்டுக்காரன் ஆடி வந்தா வீட்ல உக்காந்திருப்பான், இங்க உக்கார நேரம் இருக்காது.

#4 தலைக்கட்டு

சாரல்காத்து, வேலை இருக்கும்தான். யாருக்கு இருக்கும்? சித்திரை, வைகாசியில வாசிச்சு, "அந்த செட்டு நல்லா இருந்துச்சே"ன்னு பேர் எடுத்தவங்களுக்கு. ஆடியில புதுசா இறங்குறவருக்கு மிஞ்சுறது புரட்டாசி தசரா. குலசேகரன்பட்டினத்துக்கு மாலை போட்டு வேஷம் கட்டுற குழுக்கள் ஊருக்கு ஊர் உண்டு. கடைசி நாலஞ்சு நாளைக்கு மேளம் தேடுவாங்க. பேரம் நாள் கணக்குல. பகல் பூரா தெருத்தெருவா நடக்கணும், லாரியில ஏறி இறங்கணும். கச்சேரி மேடையில சம்மணம் போட்டுப் பழகின கால் ரெண்டு நாள்ல வீங்கிரும். காசுக்குக் காசு வரும், ஊர்க் கொடைக்குக் கூப்பிடுற பேரை மட்டும் அதுல எதிர்பாக்காதீங்க.

#5 சீவளிநூல்

வாத்தியத்தைப் பத்திக் கொஞ்சம் நீளமா எழுதுறேன். இதுல அவசரப்பட்டுக் கெட்டுப்போன நாயனங்கள் நிறைய.

நாயனத்தோட உலவு (நீளக் குழல்) ஆச்சா மரம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சது எல்லாருக்கும் தெரியும். அங்கே பழைய வீட்டு உத்தரத்துல இருந்து எடுத்த ஆச்சாவைத் தேடிக் கடையறதுக்குக் காரணம், அந்த மரம் பல வருஷம் காஞ்சு அடங்கினது, இனிமே அசையாது. புது மரம் ஈரத்தை இழுக்கும், விடும். கொச்சி, கொழும்பு மாதிரி ஈரக் காத்துல பல வருஷம் இருந்த நாயனத்தைச் சித்திரை வெயில்ல பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து முதல் நாளே நாலு மணி நேரம் ஊதினா என்ன ஆகும்? உள்பக்கம் எச்சில் ஈரம், வெளிப்பக்கம் வறண்ட மேலக்காத்து. ரெண்டு பக்கமும் வேற வேற அளவுல சுருங்கும். மேல் விரல் துளையை ஒட்டி முடி மாதிரி ஒரு கீறல் விழும். கண்ணுக்குத் தெரியுறதுக்கு முந்தி காதுக்குத் தெரியும்: மேல் ஷட்ஜம் பிடிச்சா காத்து ஒழுகுற மாதிரி இருக்கும்.

முதல் ரெண்டு வாரம் இப்படிச் செய்யுங்க. வந்து மூணு நாள் உறையோட, காத்தாட, நிழல்ல படுக்க வச்சிருங்க. சுவத்துல சாய்க்க வேண்டாம். நாலாம் நாள் காலையில பதினஞ்சு நிமிஷம் மட்டும் ஊதுங்க. முடிஞ்சதும் நீளக் குச்சியில மெல்லிய பருத்தித் துணி சுத்தி உள்ளே துடைங்க. நாளுக்கு அஞ்சு, பத்து நிமிஷமாக் கூட்டுங்க. துடைச்சு உள்பக்கம் நல்லாக் காஞ்ச பிறகுதான் எண்ணெய். அதுவும் துணியில ரெண்டு மூணு சொட்டு, மினுமினுப்பாத் தெரிஞ்சா போதும். ஈரத்து மேல எண்ணெய் போட்டா ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூசணம் பிடிக்கும்.

சீவளிதான் (வாயில வச்சு ஊதுற நாக்கு) பெரிய தலைவலி. நாணல் சீவளி இங்கே மதியத்துல ரொம்பச் சீக்கிரம் காயும். ஏசி மண்டபத்துல ரெண்டு கீர்த்தனைக்கு நடுவுல பேசிக்கிட்டு இருந்தாலும் ஈரம் நிக்கும். உச்சிக்கொடை (மதியப் பூசை) வெயில்ல ஒரு தீபாராதனை இடைவெளியிலேயே வாய் சுருங்கி மூடிரும். மறுபடி வாயில வச்சு அவசரமா ஊதினா ஓரம் பிளக்கும். அதனால கழுத்துக் கொத்துல எப்பவும் ஆறு சீவளி. ரெண்டு இறுக்கமா மதியத்துக்கு, ரெண்டு நடுத்தரம், ரெண்டு கொஞ்சம் திறந்ததா சாமக்கொடைக்கு (ராத்திரிப் பூசை). வெயில்ல வாசிக்கும்போது அடுத்து மாத்தப்போற சீவளியை ஈரத் துணியில சுத்தி மடியில வைங்க. டப்பாவுல ஈரத்தோட பூட்டாதீங்க. மறுநாள் கரும்புள்ளி விழுந்திருக்கும், அதைச் சுரண்டினா சீவளியோட உயிரும் சேந்து போயிரும்.

#6 ரதவீதி

சீவளிநூல் சார், ஒரு சந்தேகம். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை ரெண்டரைக் கட்டையில வச்சா சென்னை மண்டபத்துல சரியா நிக்குற நாயனம், இங்க கோவில் வெளியில ஏறி நிக்குதுன்னு பல பேர் சொல்லுதாங்க. பெட்டி கெட்டுப்போச்சா, வாத்தியமா?

#7 சீவளிநூல்

ரெண்டும் கெடலை, காத்துதான் காரணம். காத்து சூடானா ஒலி வேகமாகப் போகும், குழல் வாத்தியத்தோட சுருதி ஏறும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட். அடுத்தடுத்த ரெண்டு ஸ்வரஸ்தானத்துக்கு இடைவெளி 100 சென்ட்னு வச்சிக்கோங்க. 24 டிகிரி ஏசி மண்டபத்துக்கும் 38 டிகிரி கோவில் வாசலுக்கும் 14 டிகிரி வித்தியாசம், கணக்குப்படி 40 சென்ட் வரும். மூச்சுக் காத்து எங்கேயும் குழலைச் சூடாக்குறதால முழுசா அவ்வளவு வராது, ஆனாலும் பெட்டியோட ஒட்டாது. பெட்டிக்கு வெயில் தெரியாதே.

சரி செய்ய மூணு வழி இருக்கு, இந்த வரிசையிலேயே போங்க. முதல்ல சீவளியைக் கெண்டையில (சீவளி மாட்டுற உலோகக் குழல்) கொஞ்சம் வெளியே இழுங்க. ஆட்டம் கொடுத்தா நூல் ரெண்டு சுத்து கூடுதலாப் போட்டுக்கோங்க. அது போதலைன்னா கெண்டைக்கும் நூல் சுத்தி அதையும் மேலே எடுங்க. கடைசியா அடிப்பக்கத்துத் துளைகள்ல மெழுகு. விரல் வைக்கிற துளை ஏழு, கீழே அஞ்சு. கீழ் அஞ்சுல மெழுகு அடைச்சா சுருதி இறங்கும், எடுத்தா ஏறும். மெழுகுல கை வச்சா கீழ் ஸ்வரங்கள்தான் அதிகம் மாறும், மேல்ஸ்தாயி அப்படியே நிக்கும். அதனாலதான் அது கடைசி. எடுத்த எடுப்புல மெழுகுல இறங்குனவங்க கீழ் ஷட்ஜம் ஒரு பக்கம், மேல் ஷட்ஜம் ஒரு பக்கம்னு தவிக்கிறதைப் பாக்கலாம்.

இதெல்லாம் எதுக்கு, கொடையில யாரு சுருதி பாக்கான்னு கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. இது காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) பிறந்த சீமை. ராஜரத்தினம் பிள்ளைகிட்ட அவர் படிச்ச பாரி நாயனத்தோட கார்வையைக் கேட்டு வளந்த ஊருக. திண்ணையில சாய்ஞ்சு கண்ணை மூடிக் கிடக்குற தாத்தாவுக்கு ராகம் பேர் சொல்லத் தெரியாம இருக்கலாம். சுருதி விலகினா எந்திரிச்சு உள்ள போயிருவார்.

#8 வலந்தலை

தவிலுக்கு வாரேன்.

வண்டியில ஏத்துறதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் (கையால அடிக்கிற வலந்தலை, கம்பால அடிக்கிற தொப்பி) தளத்தணும். இதைச் செய்யாமத்தான் பாதித் தோல் கிழியுது. கடலோர ஈரத்துல இறுக்கின வலந்தலை, ஆரல்வாய்மொழி தாண்டி வறண்ட காத்துல வந்ததும் தானாவே இன்னும் விறைக்கும். மூடின காருக்குள்ள வெயில் வேற. ஓரத்துல வளையத்தை ஒட்டிக் கீறும். தொப்பிக்கு உள்ளே பூசின பசையும் அந்தச் சூட்டுல இளகி ஒரு பக்கமா ஒதுங்கும், அப்புறம் தொம் விழாது, 'தப்' விழும். காரோட பின் டிக்கியில ஏத்தாதீங்க. உள்ளே, ஆள் உக்காருற இடத்துல, துணி சுத்திப் படுக்க வச்சிக் கொண்டாங்க.

ஊர்ல இறக்கினதும் இறுக்கக் கூடாது. ஒரு ராத்திரி அப்படியே கிடக்கட்டும். மறுநாள் போல்ட் தவில்னா எதிரெதிர் போல்ட்டா, கால் சுத்து கால் சுத்தாத் திருப்புங்க. வட்டமா வரிசையாத் திருப்பினா முதல் போல்ட் பக்கம் முழு இழுப்பும் விழுந்து வளையம் கோணும். கோணின வளையத்துக்கு எந்தத் தோல் போட்டாலும் நாதம் ஒரு பக்கம் செத்துத்தான் இருக்கும்.

கொடைக்குப் போறப்ப பையில இருக்க வேண்டியது: வளையத்தோட தயாரா ஒரு மாத்து வலந்தலை, ஸ்பானர், நாலு போல்ட் நட்டு, பூவரசங் கம்பு ரெண்டு, விரல் கூடு ரெண்டு செட்டு. துணியும் பசையும் வச்சு உருட்டுற பழைய கூடு சாரல் காலத்துல நமத்துப் போகும். வேர்வையில இளகின கூட்டோட அடிச்சா நாதமும் போகும், விரலும் கொப்புளிக்கும். ஒரு செட்டு கையில, ஒரு செட்டு வெயில்ல. ஃபைபர் கூடு நமக்காது, ஆனா சத்தத்துல ஒரு தகரத்தன்மை வரும். ஊர்வலத்துக்கு அது, தீபாராதனைக்கு இதுன்னு பிரிச்சுக்கிடலாம்.

#9 தொப்பித்தாளம்

போல்ட் தவிலைப் பத்தியே எழுதுதீங்களே. வார் தவில் (தோல் வாரால இழுத்துக் கட்டுறது) வச்சிருக்கவங்க அதைத் தூரப்போட்டுட்டு வரணுமா? எடை என்ன எடை தெரியுமா அந்த இரும்புச் சவம். ஆத்துல தீர்த்தம் எடுத்து மேளத்தோட நடந்து வார கோவிலுக்கு வார் தவில்தான் லாயக்கு. நாதமும் மரத்துல இருந்து வரும், கம்பியில இருந்து வராது.

#10 வலந்தலை

நாதத்துல உங்க கட்சிதான். ஆனா வார் தவிலை நடுராத்திரி பனியில இழுத்துக் கட்ட ரெண்டு ஆள் வேணும், அரை மணி நேரம் வேணும். கோமரத்தாடி (சாமியாடி) நிக்குறப்ப அரை மணி நேரம் யாரு குடுப்பா? செட்டுல ரெண்டு தவில் இருக்கும்லா. முதல் தவில் போல்ட், துணைத் தவில் வார். நடக்குற வேலைக்கு வார், ராத்திரிக்குப் போல்ட். சண்டை முடிஞ்சுது.

#11 மஞ்சணை

கொடை நடப்பைப் பத்தி யாரும் எழுதலையே, அங்கதான கச்சேரிக்காரங்க சறுக்குதாங்க.

அம்மன் கொடை செவ்வாய்க்கிழமைன்னா, முந்தின செவ்வாய் கால்நாட்டு. திங்கள் ராத்திரி குடியழைப்பு. செவ்வாய் காலையில தீர்த்தம், பால்குடம். மதியம் உச்சிக்கொடை, ராத்திரி சாமக்கொடை, புதன் காலையில படைப்பு, பொங்கல். திங்கள் சாயங்காலம் தோள்ல போட்ட தவிலைப் புதன் காலையிலதான் இறக்கி வைக்கணும். ரெண்டு மணி நேரக் கச்சேரிக்குப் பழகின உதடும் மணிக்கட்டும் இதுக்குத் தாங்காது. ஊருக்கு வந்ததும் சாதகத்தை மாத்துங்க. வேகம் வேண்டாம், நேரம் வேணும். ஒரே நடையை, ஏத்தாம இறக்காம, முக்கால் மணி நேரம் பிடிக்கணும்.

ஆளு எண்ணிக்கை: நாயனம் 2, தவில் 2, பம்பை 1, உறுமி 1, தாளம் 1. ஏழு பேர் இருந்தா நையாண்டி மேளம் நிக்கும். ஒத்தை நாயனத்தோட சாமக்கொடைக்குப் போறது தற்கொலை. வில்லு பாடுறப்ப மேளம் பேசக் கூடாது. வில்லுல கதை அருள் வர இடத்துக்கு வந்து, சாமி எறங்கினதும் மேளம் எடுக்கணும். அந்தக் கைமாத்துல இடைவெளி விழுந்தா ஆட்டம் அறுந்திரும். வில்லுப்பாட்டு அண்ணாவிகிட்ட (தலைமைப் பாட்டுக்காரர்) சாயங்காலமே போய், "எந்த இடத்துல விடுவீங்க"ன்னு கேட்டு வச்சிக்கிடுங்க. சொல்லுவாங்க. கணியான் கூத்து உள்ள சுடலை கோவில்னா மகுடம் (பறை மாதிரித் தோல் வாத்தியம்) அடிக்கிறவங்ககிட்டயும் அதே பேச்சு.

ஆட்டத்துல எதைப் பாத்து வாசிக்கணும்? முகத்தைப் பாக்காதீங்க, கோமரத்தாடியோட காலைப் பாருங்க. முகம் ஏமாத்தும், கால் ஏமாத்தாது. குதிகால் தரையில பதியுற வரைக்கும் ஒரு தவில் நடையை மட்டும் பிடிக்கணும், அலங்காரம் எல்லாம் ரெண்டாவது தவில், பம்பை பாத்துக்கிடும். முன்னங்கால்ல நிக்க ஆரம்பிச்சா வேகம் கூடப்போகுதுன்னு அர்த்தம். அந்த வேகத்தை நீங்க கொடுக்கக் கூடாது, அவரு எடுக்கணும், நீங்க பின்னால போகணும். நாயனம் அந்த நேரத்துல நீள ஆலாபனை பண்ணினா ஆட்டத்துக்குத் தரை இல்லாமப் போயிரும். நாலு ஸ்வரத்துக்குள்ள சின்னத் துண்டு, அதையே திருப்பித் திருப்பி. எறக்குறது பூசாரி கையில. திருநீறோ மஞ்சணையோ எடுத்து நெத்தியில வைக்கப் போறப்ப ரெண்டு ஆவர்த்தத்துல அடங்கி நிறுத்தணும். டக்குனு நிறுத்தினா சாமி கீழ விழும், கூட்டம் உங்களைப் பாக்கும்.

சுடலை சாமியாடி வேட்டைக்குப் (ராத்திரி சுடுகாட்டுக்கு) போறது ஊருக்கு ஊர் வேற. சில ஊர்ல மேளம் எல்லை வரைக்கும் போகும், சில ஊர்ல கோவில் வாசலோட நிக்கணும், ஒரு ஈ காக்கா பின்னால போகக் கூடாது. அச்சாரம் வாங்குறப்பவே கேக்கணும். அங்க போய் நின்னு கேக்குற கேள்வி கிடையாது இது.

#12 ஏழாம்கட்டை

ஆர்கெஸ்ட்ரா கீபோர்டு ஆளுங்களும் இந்த இழையைப் படிக்கிறதால ரெண்டே வரி. கொடை ஜெனரேட்டர்ல சீரியல் பல்பும் ஆம்ப்பும் கீபோர்டும் ஒரே லைன்ல ஓடும். பல்பு செட் போட்டு நிறுத்துறப்ப எல்லாம் மின்னழுத்தம் குதிக்கும், முதல்ல சாகுறது கீபோர்டு அடாப்டர். தனி லைன் கேளுங்க, நடுவுல யூபிஎஸ் வைங்க, மாத்து அடாப்டர் ஒண்ணு பையில இருக்கட்டும். மிக்சருக்கும் கீபோர்டுக்கும் நடுவுல டிஐ பாக்ஸ் இல்லன்னா ராத்திரி பூரா 'உம்'முன்னு ஓடும்.

ஒலிபெருக்கி அனுமதி கமிட்டி எடுக்கணும். சட்டப்படி ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் பொது இடத்துல ஒலிபெருக்கி கூடாது. சாமக்கொடை விழுறதே அந்த நேரத்துலதான். அனுமதிக் கடிதம் கையில இருக்கான்னு முன்பணம் வாங்குறப்பவே பாத்துக்கிடுங்க. கூம்புக் குழாய் கட்டுனா வம்பு வரும், பாக்ஸ் மட்டும்.

#13 பேட்டைவாசி

காகித விஷயம்.

முதல்ல உங்க ஊர் இப்ப எந்த மாவட்டம்னு பாருங்க, சிரிக்காதீங்க. தூத்துக்குடி 1986-லயே பிரிஞ்சுட்டு. தென்காசி பிரிஞ்சது 2019 நவம்பர் 22. அதுக்கு முன்னால வெளியூர் போனவர் ஆதாரு, வங்கிப் புத்தகம், பழைய கலைஞர் அட்டை எல்லாத்துலயும் 'திருநெல்வேலி மாவட்டம்'னு இருக்கும். சங்கரன்கோவில், கடையநல்லூர், ஆலங்குளம், கடையம் எல்லாம் இப்ப தென்காசி. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, காருகுறிச்சி திருநெல்வேலியிலேயே இருக்கு. ஒரு காகிதத்துல ஒரு மாவட்டம், இன்னொண்ணுல இன்னொண்ணுன்னு இருந்தா விண்ணப்பம் திரும்பி வரும். ரேஷன் கார்டுல பேரைச் சேத்து, ஆதார்ல முகவரியை மாத்துன பிறகு மத்ததுல இறங்குங்க. இந்த வரிசை மாறினா ரெண்டு தடவை அலையணும்.

அடுத்து நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை. திருநெல்வேலியில கலை பண்பாட்டுத் துறையோட மண்டல மையம் இருக்கு, அங்க கேட்டு விண்ணப்பம் வாங்குங்க. வாத்தியத்தோட எடுத்த படம், வாசிச்ச நிகழ்ச்சி அழைப்பிதழ்கள், நோட்டீஸ் எல்லாத்தையும் வருஷ வாரியா அடுக்கி வைங்க. வெளிநாட்டு நோட்டீஸ்ல உங்க பேரு இங்கிலீஷ் எழுத்துல வேற மாதிரி விழுந்திருந்தா, ஆதார்ல உள்ள எழுத்தோட ஒத்துப்போகுதான்னு பாருங்க.

மாவட்டக் கலை மன்ற விருதுகளுக்கு வயசுதான் கணக்கு. 18-க்குள்ள கலை இளமணி, 19–35 கலை வளர்மணி, 36–50 கலைச்சுடர்மணி, 51–65 கலை நன்மணி, 66-க்கு மேல கலை முதுமணி. வெளியூர்லயே இருந்தவங்க இதுக்கு விண்ணப்பிக்காமலே வயசைக் கடந்திருப்பாங்க.

அறநிலையத் துறைக் கோவில் வேலைக்கு ஆசைப்படுறவங்க கவனிக்க: நாதஸ்வரம், தவில், தாளம் பணியிட அறிவிப்புல இசைப்பள்ளிச் சான்றிதழ் கேப்பாங்க. குருகிட்டயே இருந்து படிச்சவங்களுக்கு கை எவ்வளவு நல்லா இருந்தாலும் இந்த இடத்துல முட்டும். அரசு இசைப்பள்ளி திருநெல்வேலியில உண்டு, மூணு வருஷப் படிப்பு, ஆனா சேர வயசு 12-ல இருந்து 25 வரைக்கும்தான். அதனால உங்களுக்கு உதவாட்டாலும், தொழிலுக்கு வார பையனை அங்க சேத்து வைங்க. வீட்ல ஆயிரம் சொல்லிக் குடுத்தாலும் காகிதத்துக்கு அது வேணும்.

#14 ரதவீதி

வாத்தியம் எங்க வைக்கணும்னும் சேத்துக்கிடுங்க. 2023 டிசம்பர் 17, 18-ல நெல்லை ஜங்ஷன், சிந்துபூந்துறைப் பக்கம் வெள்ளம் ஏறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆத்தங்கரைப் பக்கம் வாடகைக்கு எடுக்கிறவங்க மாடி வீடாப் பாருங்க. தரை வீடுன்னா கட்டிலுக்கு அடியில வேண்டாம், பரண்ல. நனைஞ்ச தவில் கட்டையை வெயில்ல காய வைக்காதீங்க, பலா மரம் வெடிச்சிரும். தோலைக் கழட்டிப்போட்டுட்டு, கட்டையை நிழல்ல ரெண்டு பக்கமும் காத்துப் போற மாதிரி செங்கல் மேல படுக்க வச்சு, தினம் ஒரு தடவை உருட்டி விடுங்க. எடை குறையுறது நின்ன பிறகுதான் புதுத் தோல்.

#15 சாரல்காத்து

சம்பளம் பிரிக்கிறதுல சண்டை வந்து உடையுற செட்டுதான் அதிகம். யாராவது கணக்கு எழுதுங்களேன்.

#16 தலைக்கட்டு

ஒரு மாதிரிக் கணக்கு போடுதேன், தொகையை உங்க ஊருக்குத் தகுந்தபடி மாத்திக்கிடுங்க. மொத்தம் 42,000-ன்னு வைங்க. வேனுக்கு 4,000, சீவளி, தோல், பழுதுக்குன்னு பொதுவா 2,000 எடுத்து வச்சா மிச்சம் 36,000. பங்கு: முதல் நாயனம் ஒன்றரை, முதல் தவில் ஒன்றரை, துணை நாயனம் ஒண்ணு, துணைத் தவில் ஒண்ணு, பம்பை ஒண்ணேகால், உறுமி ஒண்ணு, தாளம் முக்கால். கூட்டுனா எட்டுப் பங்கு, பங்குக்கு 4,500. முதல் ரெண்டு பேருக்கும் 6,750, பம்பைக்கு 5,625, தாளத்துக்கு 3,375, மத்த மூணு பேருக்கும் 4,500.

கூட்டத்துல விழுற ரூவா நோட்டுக்குத் தனிக் கணக்கு, அதைச் சரிசமமாப் பிரிக்கிறதே நல்லது. நாயனக்காரர் சட்டையில குத்துனது அவருக்குன்னு விட்டா அடுத்த கொடைக்குத் தாளம் போட ஆள் வராது. பொது 2,000-த்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பிரிக்காதீங்க, ஒரு வலந்தலை கிழிஞ்சா அது போதாது.

#17 தொப்பித்தாளம்

பங்குல பம்பைக்குக் கூடுதல் குடுத்தது நியாயம், ஏன்னா ராத்திரி தோலை விறைக்க வைக்க அவன்தான் நெருப்பு பக்கத்துல கிடக்கான். அந்தச் சூடு காட்டுறதையும் யாராவது சொல்லுங்க, சாரல் காலத்துல புது ஆளுங்க தோலைப் பொசுக்கிருதாங்க.

#18 மஞ்சணை

விறகுத் தீ வேண்டாம், வைக்கோல் தீ. கொழுந்து அடங்கி கங்கு மாதிரி ஆன பிறகு, ஒரு முழத் தூரத்துல வச்சு நிறுத்தாமச் சுத்திக்கிட்டே இருக்கணும். ஒரே இடத்துல காட்டினா அந்த இடம் மட்டும் சுருங்கும், அடுத்த அடியில அங்கதான் கிழியும். புறங்கையைத் தோலோட ஒட்டிப் பாருங்க. கையை எடுக்கத் தோணுச்சுன்னா தோலுக்கும் சூடு போதும். மகுடத்துக்கும் இதேதான், ஆனா அது அகலத் தோல், நடுவுல முதல்ல சூடு பிடிக்கும். அதனால ஓரத்துல இருந்து உள்ள வாங்க. சூடு காட்டுன உடனே இறுக்காதீங்க, பத்து எண்ணிட்டு இறுக்குங்க. தீபாராதனைக்கு மணி அடிக்கிறதுக்குக் கால் மணி நேரம் முன்னால ஆரம்பிச்சா போதும், ரொம்ப முன்னால காட்டுனா சாரல்ல மறுபடி தொங்கிரும்.